அரசருக்கு ஒரு வியாதியும் இல்லை

கீழைமங்கலத்து அரசர் குணவீரருக்கு முழங்கால் வலி, நீரிழிவு, மூச்சிளைப்பு என்று மூன்று வியாதிகள். மூன்றுக்கும் மூன்று வைத்தியர்கள். முழங்கால்காரர், நீரிழிவுக்காரர், இளைப்புக்காரர் என்றுதான் அரண்மனையில் அவர்களுக்குப் பெயர். ஒருவர் இருக்கும் நேரத்தில் இன்னொருவர் வருவதில்லை. கௌரவம் அப்படி.

அன்று காலை நீரிழிவுக்காரர் கசாயம் கொடுத்து, உடனே கஞ்சி குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த இளைப்புக்காரர் லேகியம் கொடுத்து, உச்சிப்பொழுதுவரை வயிற்றுக்குள் ஒன்றும் போகக் கூடாது என்றார். சபைக்கு வந்த அரசருக்கு வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. சிம்மாசனத்திலிருந்து சரிந்தார். கருப்பட்டித் தண்ணீர் புகட்டியதும்தான் கண் திறந்தார்.

விசாரணையில் மட்டும் வைத்தியர்கள் மூவரும் சேர்ந்து நின்று ஒரே குரலில் பேசினார்கள். நேரத்துக்குக் கஞ்சி கொடுக்காத குற்றம் சமையல்காரி உலகம்மையுடையது.

"கஞ்சியோட வாசல்ல நின்னேன் மகாராசா. இவருதான் உள்ள விடல" என்று அவள் இளைப்புக்காரரைக் காட்டினாள்.

அரசர் கேட்கும் நிலையில் இல்லை. உச்சிப்பொழுதுக்குள் அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றார்.

மந்திரி ஆதிமூலத்துக்கு மனசு ஆறவில்லை. வைத்தியர்கள் மேல் குறை சொன்னாலும் எடுபடாது. அரசரிடம் தனியாகப் போனார்.

"மகாராஜா, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அரை நாழிகை படுங்கள். அசையக் கூடாது."

"எதற்கு?"

"வைத்தியர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும்."

மூவரும் வந்தார்கள்.

"அரசருக்கு முழங்கால் வலி அடியோடு போய்விட்டது" என்றார் ஆதிமூலம்.

"என் தைலம்" என்றார் முழங்கால்காரர்.

"தாகம் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை."

"என் கசாயம்" என்றார் நீரிழிவுக்காரர்.

"இளைப்பு இல்லை, இருமல் இல்லை."

"வேறு யார் லேகியம்?" என்றார் இளைப்புக்காரர்.

"ஆக, எல்லாம் உங்கள் மருந்தால்தான். சந்தேகமில்லையே?"

"இல்லவே இல்லை."

"நல்லது. அரசரும் போய்விட்டார்."

முழங்கால்காரர்தான் முதலில் தேறினார். "நான் முழங்காலுக்கு மேலே போனதே கிடையாது."

"சிறுநீரைப் பார்ப்பதோடு என் வேலை முடிந்தது" என்றார் நீரிழிவுக்காரர்.

இளைப்புக்காரர் தொண்டையைச் செருமினார். "நிற்கும்வரைக்கும் மூச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது."

போர்வை குலுங்கியது. அதற்கு மேல் அடக்க முடியாமல் அரசர் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முழு ஆளுக்கு யாரய்யா பொறுப்பு, ஆதிமூலம்?"

"நீங்கள் நாடு கடத்துகிறீர்களே, அவள். மூன்று பேர் சொல்வதும் போய்ச் சேருகிற ஒரே இடம் அவள் அடுக்களை."

தண்டனை ரத்தானது. இனி தினமும் காலையில் மூவரும் அடுக்களையில் கூட வேண்டும். ஒருவர் கொடுப்பதை மற்ற இருவரும் உலகம்மையும் கேட்ட பிறகே மருந்து வெளியே வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நீரிழிவுக்காரர் முகம் சுளித்தார். "சமையல்காரியிடம் கேட்டா நாங்கள் வைத்தியம் பார்ப்பது?"

"வேண்டாம்" என்றார் ஆதிமூலம். "இன்று அரசர் சாப்பிட்ட மருந்துகளை நாளை நீங்கள் மூவரும் அதே முறையில் சாப்பிட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு கோட்டையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பிறகு பேசலாம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுக்களை எந்தப் பக்கம்?" என்றார் இளைப்புக்காரர்.