அடிபிடித்த பாயா

மேலப்பாளையத்தில் குர்ஆன் சொல்லிக்கொடுக்கும் ஹஸீனா ஆலிமாவிடம் ஓத வரும் பெண்களில் ஜைனம்பு கொஞ்சம் மூத்தவள். ஆலிமாவுக்கு அவளைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஆனாலும் ஜைனம்பு அவரை "நீங்க" என்றுதான் பேசுவாள். ஆலிமா அவளை "லாத்தா" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மற்ற பெண்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே ஜைனம்பு வந்துவிட்டாள். ஆலிமா அடுப்படியில் உட்கார்ந்து ஆட்டுக்கால்களை மஞ்சள் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஓதி முடித்ததும் எல்லாருக்கும் இடியாப்பமும் பாயாவும் கொடுப்பதாக ஏற்பாடு.

ஜைனம்பும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காலை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டிக்கொண்டே, நெடுநாளாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

அவளுடைய மகள் கல்யாணத்தில் பெண்கள் பந்தி பாதியில் இருக்கும்போது ஒரு சட்டிக் கறியைக் காணவில்லை. பதற்றத்தில் ஜைனம்பு, தம்பி பெண்டாட்டி ராஹிலாவைப் பார்த்து, "உங்க உம்மா வீட்டுக்குத் தூக்குச்சட்டியில போயிருச்சா?" என்று கேட்டுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. கடைசியில் பார்த்தால், அந்தச் சட்டியை ஜைனம்புவின் தம்பியே ஆண்கள் பந்திக்குத் தூக்கிப் போயிருந்தான்.

"மறுநாளே அவ வீட்டுக்குப் போனேன் ஆலிமா. அடுப்படிக் கதவைச் சாத்திட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். பரவாயில்லை மைனி, மனசுல ஒண்ணும் இல்லைன்னு சொன்னா. ஆனா அன்னையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வர்றதில்லை, காதுகுத்துக்கு வர்றதில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுட்டேன். அவ மனசு எப்பத்தான் இளகும்?"

ஆலிமா எழுந்தார். கால்களைச் சட்டியில் போட்டார். இஞ்சி பூண்டு, வெங்காயம், மல்லித்தூள் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் விட்டார். கொதி வந்ததும் தீயைக் குறைத்தார்.

"நான் உள்ளே பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துட்டு வந்துர்றேன். இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, லாத்தா. சிம்மிலேயே இருக்கட்டும்."

ஜைனம்புவுக்குச் சந்தோஷம். ஆலிமா தன்னை நம்பி அடுப்பை ஒப்படைத்திருக்கிறார். நல்லபடியாக ஆக்கிக் காட்ட வேண்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதலில் பொறுமையாகத்தான் இருந்தாள். பிறகு மூடியைத் திறந்து கரண்டியால் அழுத்திப் பார்த்தாள். கல்லாட்டம் இருந்தது. மறுபடியும் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். வாசலில் ஒவ்வொரு ஜோடியாகச் செருப்பு சேர ஆரம்பித்தது. இனி இந்தத் தீயை நம்பினால் ஆகாது என்று கேஸை முழுதாகத் திருகிவிட்டாள். சட்டி தளதளவென்று கொதித்தது. நிம்மதியாகப் போய் இடியாப்பத்துக்கு மாவு பிசைந்தாள்.

மாவுக் கையோடு அவள் நிமிர்ந்தபோது கருகின வாடை வந்துவிட்டது.

ஓடிப் போய் அணைத்தாள். அடியில் கறுப்பாகப் பிடித்திருந்தது. எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை. மேலாக இருந்ததை வேறு சட்டிக்கு மாற்றினாள். வெந்நீர் விட்டாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள், மிளகை இடித்துக் கை நிறையப் போட்டாள். கருகின சட்டியில் தண்ணீரை நிரப்பிக் கொல்லையில் வாழை மறைவில் வைத்துவிட்டு வந்தாள்.

ஆலிமா வந்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். வேறு சட்டி இருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம் என்று ஜைனம்பு நினைத்தாள்.

ஓதி முடிந்து பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜைனம்புதான் பரிமாறினாள். முதல் வாய் வைத்ததுமே எல்லார் முகமும் மாறியது. கால் ரப்பர் மாதிரி இழுத்தது. போதாததற்குப் புகைவாடை. மிளகுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் அது அடங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்திருந்த சபியா மாமிக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நம்ம ஆலிமாவுக்கு ஓதத் தெரிஞ்ச அளவுக்கு ஆக்கத் தெரியலையே," என்றாள்.

சிரிப்பு கிளம்பியது. சின்னப் பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆலிமாவும் சிரித்தார். "ஆமா மாமி. இன்னைக்கு அடிபிடிச்சுப் போச்சு."

கரண்டியோடு நின்ற ஜைனம்புவின் காது மடல் சுட்டது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். இத்தனை பேர் முகமும் தன் பக்கம் திரும்பும் என்று தோன்றியதும் மூடிக்கொண்டாள். குனிந்து, கேட்காதவர்களுக்கெல்லாம் இடியாப்பம் வைத்தாள்.

எல்லாரும் எழுந்து போன பிறகு கொல்லைக்குப் போய் அந்தச் சட்டியை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கையில்தான் ஏறியது. ஆலிமா வந்து எதிரே குந்தி, சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஜைனம்புவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான்தான் தீயை ஏத்தி வெச்சேன். மறைச்சதும் நான்தான். என்னால உங்களுக்கு அவமானம். என்னை மன்னிச்சிருங்க ஆலிமா."

"அப்பவே மன்னிச்சுட்டேன், லாத்தா."

"உங்க மனசுல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை."

ஜைனம்புவுக்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், முடுக்குச் சந்தில், சபியா மாமியின் குரல் கேட்டது. யாரிடமோ பாயாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆலிமா கைப்பக்குவம்" என்று அவள் இழுத்ததும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பேச்சு மெதுவாக அடுத்த வாசலுக்கு நகர்ந்தது.

ஆலிமா தலை நிமிராமல் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஜைனம்புவின் கை நின்றுவிட்டது. தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"ராஹிலாவும் இப்படித்தான் சொன்னா. மனசுல ஒண்ணும் இல்லை மைனின்னு."

"உண்மையைத்தான் சொல்லியிருப்பாங்க, லாத்தா," என்றார் ஆலிமா. "எங்க ரெண்டு பேர் மனசுலயும் ஒண்ணும் இல்லை. எங்க மேல தப்பில்லைன்னு தெருவுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லலை."