பதினொரு ரிவெட்

பொன்னுரங்கம் பஞ்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பீளமேட்டில் ரெஜினா நடத்தும் மாதிரி விமானப் பட்டறைக்கு ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவர், அங்கேயே சீடராகத் தங்கிவிட்டார். ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

பதினாலு மாதமாக இருவரும் ஒரு போர் விமானத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். அசலில் அஞ்சில் ஒரு பங்கு. அதன் இறக்கைக்கு அடியில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய போரில் அந்த அசல் விமானத்தை ஓட்டிப் போய்த் திரும்பாத விமானியின் நினைவாக, அவர் படித்த பள்ளிக்கூடம் கேட்டிருந்தது. மறுநாள் திறப்பு விழா. அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று விமானியின் மகள் ஹேமலதா அன்று நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்கு வேதமுத்து வந்தார். அந்த விமானத்தைப் பராமரித்த மெக்கானிக். எண்பது வயது. ஏதாவது தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று ரெஜினாதான் வரவழைத்திருந்தாள்.

அவர் மாதிரியைச் சுற்றி வந்தார். சக்கரத்தருகே அசலில் இருந்தது போலவே வரைந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துச் சிரித்தார். இடது இறக்கைக்கு அடியில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இங்க ஒரு ஒட்டு இருந்துச்சு" என்றார்.

"என்ன ஒட்டு, ஐயா?"

"முந்தின நாள் குண்டு துளைச்ச ஓட்டை. அவர் கடைசியா கிளம்பின அன்னிக்குக் காலையில நான்தான் தகடு வெச்சு அடைச்சேன். அதை இறுக்கிப் பிடிக்கப் பதினாலு ரிவெட் அடிக்கணும். பதினொண்ணு அடிக்கறதுக்குள்ள புறப்பட உத்தரவு வந்துருச்சு."

"எவ்வளவு நேரம் கிடைச்சுது?" என்று கேட்டாள் ரெஜினா.

"இருபது நிமிஷம்." மெல்ல நிமிர்ந்தார். "சுட்டதுல விழுந்துச்சா, என் ஒட்டு பிரிஞ்சு விழுந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. கடலோட போயிருச்சு. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு வாசலருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நம்மகிட்ட இருக்கற படத்துல அந்த ஒட்டு இல்ல. நாலு மணிக்கு அந்தம்மா வந்துருவாங்க. போடறதா, விடறதா?"

ரெஜினா கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகட்டை வெட்டினாள். குண்டூசித் தலையளவு ரிவெட்டுகள் பதினாலை எண்ணி அவர் முன்னால் வைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இருபது நிமிஷம், அண்ணா."

முப்பது வருட ஃபிட்டருக்கு இது ஒரு வேலையா என்றுதான் அவர் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். முதல் மூன்றும் லேசாக இறங்கின. நாலாவது கோணிக்கொண்டது. பிடுங்கி மறுபடி துளை போட்டார். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"பத்து நிமிஷம் ஆச்சு."

ஆறுதான் முடிந்திருந்தது. அவசரப்பட்டார். துளை பெரிதாகிவிடுமோ என்று பயந்து நிறுத்தினார். மறுபடி அவசரப்பட்டார். ஒன்பதாவது இரண்டு தடவை நழுவி விழுந்த பிறகுதான் இறங்கியது.

"முழங்கைய தரையில ஊனிக்கோங்க."

வேதமுத்து அவர் பக்கத்தில் வந்து படுத்திருந்தார். ரிவெட் அடிக்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்தாவதை அவரே அடித்தார். பதினொன்றாவதையும் அடித்தார்.

"நேரம் ஆயிருச்சு" என்றாள் ரெஜினா.

பொன்னுரங்கம் அடுத்த ரிவெட்டை எடுத்து நீட்டினார். கிழவர் அதை வாங்கவில்லை. கருவியைத் தரையில் வைத்தார்.

வெளியே கார் வந்து நின்றது. இருவரும் இறக்கைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்கள்.

ஹேமலதா மாதிரியைச் சுற்றி வந்தார். குனிந்து இறக்கையின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல்கள் ஒட்டில் தட்டி நின்றன.

"இது என்ன?"

பொன்னுரங்கம் ரெஜினாவைப் பார்த்தார்.

வேதமுத்துதான் முன்னால் வந்தார். தகடு, உத்தரவு, விட்டுப்போன மூன்று, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா. மூணு பாக்கி இருக்கு சார்னு சொன்னேன். குனிஞ்சு பார்த்தார். எனக்கும் நேரமில்ல, உனக்கும் நேரமில்ல வேதமுத்துன்னு சொல்லிட்டு ஏறினார்."

ஹேமலதா ஒட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"எந்தப் பக்கமா ஏறினார்?"

கிழவர் இடது பக்கத்தைக் காட்டினார். ஹேமலதா அங்கே போய்ச் சிறிது நேரம் நின்றார். கிளம்பும்போது வேதமுத்துவுக்காகக் காரின் கதவைத் திறந்துவிட்டார். வழியில் இருவரும் என்ன பேசினார்களோ, பட்டறைக்குத் தெரியாது.

கார் போன பிறகு பொன்னுரங்கம் கேட்டார்.

"டீச்சர், அவங்க கோவிச்சுட்டுப் போயிருந்தா என்ன பண்ணியிருப்போம்?"

"நாளைக்குக் காலையில இதைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வெச்சிருப்போம்."

"ஒட்டோடவா?"

"ஒட்டு இல்லாத விமானத்துல அவங்க அப்பா ஏறலையே, அண்ணா."