எருமைக் குளம்படியில் பிறந்த தவளை

தாமரைக் குளத்தில் ஒரு தாய்த் தவளை முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். பாதி முட்டைதான் இட்டிருப்பாள். அதற்குள் கரையில் ஒரு கொக்கு வந்து நின்றது. தாய் அலறியடித்துத் துள்ளி ஓடினாள்.

ஓடினால் முட்டை நிற்குமா? வண்டிப்பாதையில் எருமை ஒன்று மிதித்துவிட்டுப் போன குளம்படியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மீதி முட்டைகளை அதில் இட்டாள். அப்பாடா என்று தலையைத் தூக்கினாள். பின்னாலேயே வந்திருந்த கொக்கு அவளைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

ஆக, ஒரே தாய், ஒரே நாள், ஒரே வயிற்று முட்டைகள். பாதி குளத்தில், பாதி குளம்படியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதையில் பிறகு வருகிற பெரிய மனிதர்கள், அதாவது பெரிய தவளைகள், இதை ஒரு பொருட்டாகவே நினைக்கப் போவதில்லை.

குளம்படியில் பொரிந்த தலைப்பிரட்டைகளில் ஒருத்திதான் நொய்யாள். நொய்யரிசி அளவே இருந்ததால் அந்தப் பெயர். பிறந்த அன்றிலிருந்தே வெயில் தண்ணீரை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் இருந்த தண்ணீர் மாலையில் இருக்காது. ஓரத்தில் கிடந்த அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவராகச் சேற்றோடு சேறாக ஒட்டிக் காய்ந்து போனார்கள்.

நொய்யாளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. தண்ணீர் தீர்வதற்குள் கால் முளைத்தாக வேண்டும்! விளையாட நேரமில்லை. தின்னவும் ஒன்றுமில்லை. தன் வாலையே கரைத்துக் கரைத்துக் காலாக்கினாள். கடைசி ஈரமும் வற்றிய அன்று, அரைகுறையாக முளைத்த நான்கு கால்களோடு கரையேறினாள். அந்தக் கரை உங்கள் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அவளுக்கு அது மலை.

பிறகு கல்லிடுக்கிலும் வரப்போரத்திலும் எறும்பையும் கொசுவையும் தின்று எப்படியோ வளர்ந்து ஆளானாள். ஆனால் கால் மட்டும் குட்டையாகவே நின்றுவிட்டது.

அடுத்த மழை வந்தது. நொய்யாளின் வயிறு நிறைய முட்டை. "என் பிள்ளைங்களாவது ஆழமான தண்ணியில பொறக்கட்டும்!" என்று தாமரைக் குளத்துக்குப் புறப்பட்டாள்.

குளத்துக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. மதகில் இரண்டு கல். நடுவில் ஓர் இடைவெளி, கீழே சேறு. ஒரே தாவலில் அதைத் தாண்டுகிறவள்தான் குளத்தில் முட்டையிடலாம். குளத்துத் தலைவர் பெருந்தொண்டையார் மதகுக் கல்மேல் அமர்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? எங்கேருந்து வர்றே?"

"வண்டிப்பாதை ஓரங்கய்யா. பேரு நொய்யாள்."

"குளம்படிக்காரி!" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். பெருந்தொண்டையாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரது? நம்ம குளத்துல மேல கீழன்னு எதுவும் கிடையாது! எல்லாருக்கும் ஒரே மதகு, ஒரே தாவல்! என் மகளாவே இருந்தாலும் தாண்டித்தான் ஆகணும்!"

நொய்யாளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு நியாயமான தலைவரை அவள் கண்டதே இல்லை.

முதலில் பூரணி என்ற தவளை வந்தாள். தளதளவென்று உடம்பு, நீண்ட தொடை. அலுங்காமல் ஒரு தாவு! எதிர்க் கல்லுக்கு அப்பாலும் போய் விழுந்தாள். "பலே! பலே!" என்று குளமே கத்தியது.

அடுத்து நொய்யாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். உயிரையே காலில் வைத்துத் தாவினாள். எதிர்க் கல்லுக்கு ஒரு தாமரை மொட்டு அளவு குறைந்துவிட்டது. பொத்தென்று சேற்றில் விழுந்தாள்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்றார் பெருந்தொண்டையார்.

"பாத்தோம்! பாத்தோம்!"

இதில் கள்ளம் ஒன்றும் இல்லை. இடைவெளி எல்லாருக்கும் ஒன்றுதான். யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. கள்ளம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சேற்றைத் துடைத்துக்கொண்டு நொய்யாள் தன் காலைத்தான் நொந்துகொண்டாள்.

பூரணி இரக்கப்பட்டு அருகில் வந்தாள். வந்தவள் நொய்யாளின் முதுகைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"உன் முதுகுல மஞ்சக்கோடு இருக்கே! எனக்கும் இருக்கு பாரு! எங்கம்மா பாதி முட்டையை இங்கே இட்டுட்டுக் கொக்குக்குப் பயந்து வண்டிப்பாதைப் பக்கம் ஓடினாளாம். அப்போ நீ என் தங்கச்சி!"

தங்கச்சிதான். ஆனால் நொய்யாள் கரையேறித் தாவித் திரிந்த நாளில் அந்த அக்காவுக்கு ஒரு கால்கூட முளைத்திருக்கவில்லை.

"கவலைப்படாதே, தங்கச்சி. சின்ன வயசுல நீ நல்லா நீந்தியிருக்கணும். நாங்க எல்லாம் வாலை ஆட்டிக்கிட்டு குளம் பூராச் சுத்துவோம். அதுலதான் தொடை ஏறும். அங்கே பாரு!"

தாமரை இலைக்கு அடியில் தலைப்பிரட்டைகள் கூட்டமாக விளையாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நாவற்பழம் போல இருந்தது. நீளமான வால். பாசியைக் கொறிப்பதும், ஒன்றையொன்று துரத்துவதும், மறுபடி கொறிப்பதுமாக இருந்தன.

"இவங்களுக்கு எப்போ கால் முளைக்கும், அக்கா?"

"முளைக்கும்போது முளைக்கும். என்ன அவசரம்?"

நொய்யாள் அப்படியே நின்றுவிட்டாள். என்ன அவசரம்! தன் கால் ஏன் குட்டை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சோம்பலால் அல்ல. முயற்சிக் குறைவால் அல்ல. நேரம் இல்லை, தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது.

நேரே பெருந்தொண்டையாரிடம் போனாள்.

"ஐயா! இந்தப் பிள்ளைங்க வாலோட விளையாடுற வயசுல நான் சேத்துல உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்தேன்! வாலைக் கரைச்சுத்தான் காலாக்கினேன். தாண்டாதது நான். என் முட்டைங்க என்ன தப்பு பண்ணிச்சு? அதுங்களை இந்தத் தண்ணியில விடுங்க. நீளக் காலோட வருதா இல்லையான்னு பாருங்க!"

பெருந்தொண்டையாரின் கண் கலங்கிவிட்டது. தொண்டையை உப்பிக்கொண்டு கத்தினார்.

"கேட்டீங்களா! குளம்படியிலேயே கால் முளைச்சவ! என்ன உழைப்பு! என்ன வைராக்கியம்! ஏய் பசங்களா, விளையாடினது போதும், இங்கே வாங்க! இந்த அம்மாவைப் பாத்துக் கத்துக்கங்க!"

நொய்யாளைப் பெரிய தாமரை இலைமேல் உட்கார வைத்தார்கள். அவள் தன் கதையைச் சொன்னாள். காய்ந்து போன அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொன்னபோது சில பாட்டித் தவளைகள் மூக்கை உறிஞ்சின. முடிவில் குளமே அதிரும்படி ஆரவாரம்!

"அடுத்த வருசமும் கண்டிப்பா வந்து பேசணும்!" என்றார் பெருந்தொண்டையார்.

"சரிங்கய்யா. என் முட்டை?"

ஆரவாரம் நின்றது.

"அது மதகு விஷயம்மா. ஒருத்திக்காக முறையை மாத்தினா, கஷ்டப்பட்டுத் தாண்டினவங்களுக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடாதா?"

பூரணியும் தலையாட்டினாள். "நானும் தாண்டித்தானே வந்தேன், தங்கச்சி? எனக்கு யாரும் சும்மா கொடுக்கலியே!"

நொய்யாள் அவளைத் தனியே அழைத்துப் போய்க் கெஞ்சினாள். "அக்கா, உன் முட்டையோட என் முட்டையையும் சேத்து விட்டுடறேன். ஒரே ரத்தம்தானே! யாருக்குத் தெரியப்போகுது?"

"ஐயையோ! என் மனசாட்சிக்குத் தெரியுமே!" என்றாள் பூரணி. அவளுக்கு மனசாட்சி வேறு இருந்தது.

நொய்யாள் வண்டிப்பாதைக்கே திரும்பினாள். வயிற்றிலிருந்த முட்டை இனித் தாங்காது. அந்த நேரம் பார்த்து மேய்ச்சல் முடிந்து கருப்பாயி என்ற எருமை அசைந்து அசைந்து வந்தது. பின்னால் அதை ஓட்டிக்கொண்டு ஒருவன் கம்போடு வந்தான்.

"கருப்பாயி அக்கா! ஒரு உதவி பண்ணுங்க!"

"யாரது? என் காலுக்குக் கீழே எவ்வளவோ பேர் கத்துறாங்க. எனக்குக் கேக்கிறதே இல்லை."

"நான்தான்க்கா, தவளை! நீங்க மிதிச்ச குழியிலதான் நான் பொறந்தேன். என் பிள்ளைங்களும் அங்கேதான் பொறக்கணும் போலிருக்கு. கொஞ்சம் ஆழமா மிதிச்சுட்டுப் போங்க!"

கருப்பாயி நின்றது. நின்றதற்கே முதுகில் ஓர் அடி விழுந்தது.

"நான் எங்கே மிதிக்கிறேன்னு நானே பாத்ததில்லையே!" என்று எருமை வியந்தது. காலைத் தூக்கி ஒரே இடத்தில் மிதித்தது. இரண்டாவது அடி விழுந்தது. மறுபடியும் அதே இடத்தில் அழுத்தி மிதித்தது. மூன்றாவது அடிக்குத்தான் நகர்ந்தது.

"இவ்வளவுதான் என்னால முடியும், தங்கச்சி."

"இதையே யாரும் செய்யலியே, அக்கா!" என்றாள் நொய்யாள்.

மழை பெய்து குழி நிரம்பியது. நொய்யாள் முட்டையிட்டாள். குழி கொஞ்சம் ஆழம் என்பதால் தண்ணீர் கொஞ்சம் அதிகம் தங்கியது. அப்படியும் பாதிப் பிள்ளைகள் காய்ந்துதான் போனார்கள். தப்பியவர்களில் ஒருத்தி தாயைவிடச் சற்றே பெரியவள். நொய்யைவிடச் சற்றுப் பெரிய அரிசித் துணுக்கு குருணை; அந்தப் பெயரையே வைத்தாள் நொய்யாள். பிள்ளையின் காலை அளந்து அளந்து பார்த்தாள். தன் காலைவிட நீளம்தான்!

அடுத்த மழைக்குக் குருணையும் மதகுக்குப் போனாள். கல்மேல் இப்போது பூரணி அமர்ந்திருந்தாள். குளத்துக்கு அவள்தான் தலைவி. பூரணியின் மகள் முன்னே வந்தாள், தாவினாள், கல்லுக்கு அப்பால் போய் விழுந்தாள்.

குருணை தாவினாள். நொய்யாள் கண்ணை மூடிக்கொண்டாள். பொத்தென்ற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

ஒரு புல்லிதழ் அளவுதான் குறை.

"ஆகா!" என்று பூரணி கைதட்டினாள். "அம்மாவுக்கு ஒரு மொட்டு அளவு குறைஞ்சுது. மகளுக்கு ஒரு புல் அளவுதான்! முன்னேற்றத்தைப் பாத்தீங்களா? இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா தாண்டியிருக்கலாமே! சரி, அடுத்த ஆள் வரலாம்!"

குளமே ஆரவாரம் செய்தது. குருணை சேற்றிலிருந்து ஏறி வந்தாள்.

"அம்மா, நான் சரியா முயற்சி பண்ணலியா?"

அதே கேள்வியைத்தான் நொய்யாளும் ஒரு காலத்தில் தன் காலிடம் கேட்டிருந்தாள். மகளின் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள்.

"நீ பண்ணினதுல பாதிகூட இங்கே யாரும் பண்ணலடி. வா, போகலாம். கருப்பாயி வர்ற நேரமாச்சு. இன்னும் ஆழமா மிதிக்க, முதுகுல இன்னொரு அடி பொறுத்துக்குவாளான்னு கேட்டுப் பாக்கலாம்."

தாண்டிய தூரத்தை மட்டும் அளந்து, கால் வளர்ந்த தண்ணீரை அளக்காமல் சொல்லும் தீர்ப்பு, எத்தனை நேர்மையாகச் சொன்னாலும் அநீதிதான்.