குளத்தில் ஊதாப் பூ

மலையடிவாரத்து மடம் ஒன்றில் மங்கையம்மை என்றொரு குரு இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தாணுமாலயனுக்கு அறுபத்துமூன்று. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

மடத்துக் குளத்தில் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக மிதந்தன. குரு தினமும் ஒரு கொத்தைப் பறித்துவந்து தன் அருகில் வைத்துக்கொள்வார். வந்த அன்றே தாணுமாலயன் செடி இன்னதென்று கண்டுகொண்டார். இதை யார் கொண்டுவந்தது என்று சமையல்காரரிடம் விசாரித்தார்.

"அம்மாதான். எங்கோ சந்தையில் பார்த்து ஆசைப்பட்டு, தன் கையாலேயே விட்டார்கள்."

அதற்குப் பிறகு தாணுமாலயன் அந்தச் செடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் தெரிந்த இடம் நாளுக்கு நாள் சுருங்கியது. பன்னிரண்டாம் நாள் காலை இரண்டு கெண்டைகள் செத்து ஒதுங்கின. அவர் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, குரு பிரியமாக வைத்திருக்கும் ஒன்று கேடு செய்யும் என்று தெரிந்தால், சீடன் சொல்லலாமா?"

"எதைச் சொல்கிறீர்கள், ஐயா?"

"அந்தப் பூச்செடியை."

குரு அவரைக் குளத்துக்கு அழைத்துப் போனார். கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

தாணுமாலயன் ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார்.

"வெங்காயத்தாமரை. வெளிநாட்டிலிருந்து வந்தது. காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கிறது பாருங்கள்." நகத்தால் கீறினார். உள்ளே பஞ்சு போல இருந்தது. "இதில் காற்று நிற்கிறது, அதனால் மிதக்கிறது. நம் தாமரைக்குச் சேற்றில் கிழங்கு உண்டு. இதற்குத் தண்ணீரில் தொங்கும் வேர்தான். மேல் இதழில் மயில்கண் மாதிரி மஞ்சள் பொட்டு. இதெல்லாம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். குளத்தை மூடிவிடும், அம்மா. அடியில் மீனுக்கு மூச்சு கிடைக்காது."

குரு அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தாணுமாலயனும் இறங்கினார்.

மூன்று நாள் பிடுங்கினார்கள். மடமே சேர்ந்துகொண்டது. நாலாம் நாள் குளத்தில் வானம் தெரிந்தது.

குரு படியில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாணுமாலயன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வருத்தமா, அம்மா?"

"பூவை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்."

"ஒன்றை மட்டும் தொட்டியில் வைத்திருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்."

குரு சிரித்தார். தாணுமாலயனின் தோளில் ஒட்டியிருந்த வேரை எடுத்துப் போட்டார்.

"என்னிடம் சொல்ல உங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. நீங்கள் பயப்படும்படி என்னிடம் ஏதோ இருக்கிறது, ஐயா. அதன் அடையாளத்தையும் சொல்லிக்கொடுங்கள்."