பதினோராவது வண்டி

குளத்தங்கரை இலுப்பை மரத்தில் ஒரு மரங்கொத்தி வண்டி செய்துவந்தது. அந்தக் காட்டில் ஓடிய வண்டியெல்லாம் அது செய்ததுதான். மரத்தைத் தட்டும், சத்தத்தைக் கேட்கும், நல்ல மரமென்று தெரிந்தால்தான் வேலையைத் தொடங்கும்.

பங்குனி மாதம் ஒரு காலையில் அது வளை வளையாகப் போய்ச் சொன்னது:

"ஐப்பசியில் நான் செய்த வண்டிகளில் கடையாணி சரியில்லை. உள்ளே புழு அரித்திருக்கிறது. அடைமழையில் தட்டிப் பார்த்தேன், மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை. தப்பு என்னுடையது. கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன். கடையாணி போனால் சக்கரம் கழன்றுவிடும்!"

மொத்தம் பதினொரு வண்டிகள். முயல் வந்தது. கீரி வந்தது. முள்ளம்பன்றி முணுமுணுத்துக்கொண்டே வந்தது. உடும்பு மட்டும் வரவில்லை. மரங்கொத்தியே தேடிப் போனது.

"உடும்பண்ணே, உங்கள் வண்டி ஒன்றுதான் பாக்கி."

"ஐந்து மாதமாக இழுக்கிறேன். ஒரு முனகல் உண்டா? போவாயா!"

"முனகாது அண்ணே. ஒரேயடியாக உடையும்."

"செய்தவளே குறை சொல்கிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன்!" உடும்பு சிரித்தது. "பிடித்ததை விடுகிற வம்சமா நாங்கள்? வண்டியை உன்னிடம் விட்டுவிட்டு நான் வெறுங்கையோடு நிற்கவா?"

மரங்கொத்தி போனபின் அது கடையாணியை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. வழவழவென்றுதான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தது. மறுநாளும் அப்படியே நினைத்தது.

குளம் வற்றியது. ஆமை தன் ஏழு குஞ்சுகளோடு வந்து நின்றது. குன்றுக்கு அந்தப் பக்கம் ஏரியில் தண்ணீர் இருந்தது. ஆமை நடையில் இரண்டு நாள்.

"கடையாணி மாற்றியாயிற்றா அண்ணே?"

குஞ்சுகள் அதற்குள் வண்டியில் ஏறி, இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. உடும்பு அவற்றைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஆயிற்று, ஆயிற்று!"

கயிற்றை வாயில் கவ்வி இழுத்தது. பாறை ஏற்றத்தில் பாதி கடந்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம். சக்கரம் கழன்று புதரில் விழுந்தது. வண்டி சாய்ந்து பள்ளத்தை நோக்கிச் சரிந்தது.

உடும்பு நான்கு கால் நகங்களையும் பாறையில் ஊன்றியது. கயிறு பல்லை இழுத்தது. கத்தவும் வழியில்லை. வாயைத் திறந்தால் ஏழும் பள்ளத்தில்.

"மாமா, ஏன் நின்னுட்டீங்க?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

பின்னால் வந்த ஆமைதான் கத்தியது. கேட்ட மரங்கொத்தி முயலையும் கீரியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அவை குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கின. ஏழாவது குஞ்சு தரையில் கால் வைக்கும்வரை உடும்பு பிடியை விடவில்லை. அதற்குள் அதன் இரண்டு நகங்கள் பிய்ந்துபோயின.

முயலும் கீரியும் வண்டியைப் பாறைமேல் இழுத்து நிறுத்தின, மரங்கொத்தி கழன்ற சக்கரத்தை எடுத்துவந்தது. அதைப் பொருத்தி, இரண்டு பக்கமும் புதுக் கடையாணி அடித்தது. மரநிழல் ஒரு சாண்கூட நகரவில்லை, வேலை முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றது உடும்பு.

"இவ்வளவுதான் அண்ணே."

உடும்பு ஆமையிடம் திரும்பியது. "ஏற்றிக்கொள் தங்கச்சி. வண்டியைப் பற்றி இனிப் பயமில்லை."

"வண்டியைப் பற்றி எனக்குப் பயமில்லை அண்ணே" என்றது ஆமை. இரண்டு குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டது. மற்றவை பின்னால் வரிசையாக நடந்தன.

உடும்பு வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு, ஆமை நடையில், ஏரிவரைக்கும் அவற்றின் பின்னாலேயே போனது.

ஓடுகிறவரை ஓடட்டும் என்று பழுதோடு விட்ட வண்டி, உள்ளே இருப்பது யார் என்று பார்த்து உடைவதில்லை.