அட்டெஸ்ட் பண்ணின கை

செவல்விளையில் ஒரு திகில் பட ரசிகர் மன்றம் இருந்தது. உறுப்பினர்கள் நாலே பேர். ஐந்தாவதாக ஒருத்தர் சேர வந்தார். "நாங்க சொல்ற வரைக்கும் உட்காருங்க" என்று நாற்காலி போட்டார்கள். அப்புறம் சொல்ல மறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் சம்சாரம் வந்து கூட்டிக்கொண்டு போனாள். அதோடு ஆள் சேர்ப்பது நின்றது.

தலைவர் வைரவன் சைக்கிள் கடைக்காரர். தலையில் ஒரு முடி கிடையாது. செயலாளர் கனகம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மூன்றாவது ரிச்சர்டு, செல்போன் கடை முதலாளி, இருபத்தைந்து வயசு, முடிக்கு ஜெல் தடவி முள்ளம்பன்றி மாதிரி நிமிர்த்தி வைத்திருப்பான். நாலாவது சுடலைமுத்து. கதை இவரைப் பற்றித்தான்.

சுடலைமுத்து மோட்டார் மெக்கானிக். ஆனால் ஊரில் யாரும் அவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'கை சுடலை' என்பார்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் 'ஏழாம் நம்பர் கிணறு' என்று ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வரும். நாலு வினாடி. அந்தக் கை சுடலைமுத்துவுடையது. உண்மையைச் சொன்னால், அவர் அன்றைக்கு நடிக்கப் போகவில்லை. கிணற்றில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலே நின்றவனிடம் ஸ்பேனர் கேட்டுக் கையை நீட்டினார். டைரக்டர் அதைப் படம் பிடித்துக்கொண்டு ஓகே என்று சொல்லிவிட்டார். ஸ்பேனர் கடைசி வரை வரவில்லை.

நாலு வினாடியை வைத்துக்கொண்டு மனுஷன் முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று சொன்னார்கள். எவ்வளவு இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் விடுவார்கள். படத்தில் இருந்த அதே நீள நகத்தை அதே அளவில் இன்று வரை வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, செண்பகா தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் படத்தின் போஸ்டர் இருந்தது. போஸ்டர் முழுக்க அவர் கைதான்.

இப்படி இருக்கும்போது அதே படத்தை, அதே பெயரில், புதுசாக எடுத்துத் தொலைத்தார்கள். இதில் கை கம்ப்யூட்டரில் செய்தது. ஆறு விரல்.

தியேட்டர் மேனேஜர் லூர்துசாமி மன்றத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். தியேட்டருக்கு வெள்ளையடிக்கிறோம், கண்ணாடிப் பெட்டியில் இனி ஒரே போஸ்டர்தான். பழசா, புதுசா, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள். ஜெயிக்கிற படத்தை ஞாயிற்றுக்கிழமை மேட்னி போடுகிறேன். சுடலைமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போஸ்டர் போனால் கை போச்சு. கை போனால் அவர் வெறும் சுடலை. ஊரில் வெறும் சுடலை ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மன்றம் கூடியது.

"பழைய படத்துல அந்தக் கையில ஒரு தவிப்பு இருக்கு. புதுசுல அது வருமா?" என்றார் சுடலைமுத்து.

"அது ஸ்பேனருக்குத் தவிச்சது அண்ணாச்சி" என்றான் ரிச்சர்டு. "புதுசுல ஆறு விரல். அஞ்சுக்கு ஆறு பெருசா இல்லியா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடைசியில் வைரவன் தீர்ப்புக்கு ஒரு வழி சொன்னார். எந்தப் படம் பார்த்தால் ஈரக்குலை நடுங்குகிறதோ அதுவே நல்ல படம்.

ஈரக்குலை நடுங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பவுண்டரிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஏதோ வயிற்று ஸ்கேனுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நாலு பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு படத்தையும் ரிச்சர்டின் போனில் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுங்கியது. படம் முடிந்த பிறகும் நடுங்கியது. படமே இல்லாமலும் நடுங்கியது. பரோட்டா சாப்பிட்டதும் நின்றது.

"அப்படின்னா பரோட்டாவுக்குப் பயந்துதான் அடங்குச்சு" என்றார் வைரவன். இதை மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது முடி. எந்தப் படத்துக்கு முடி குத்திட்டு நிற்கிறதோ அது ஜெயம். வைரவனுக்கு முடியே இல்லை, அதனால் நடுவர் ஆனார். ரிச்சர்டின் முடி படம் போடுவதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. எதற்குப் பயந்து நிற்கிறது என்று விசாரித்தார்கள். அவனுக்கும் தெரியவில்லை. கனகம் எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தாள்; சுனாமி வந்தாலும் அது நிற்காது. சுடலைமுத்து தொப்பி போட்டு வந்திருந்தார், கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் சமம்.

புதன்கிழமை கனகம் பழைய போஸ்டரில் ஒரு வரியைக் கண்டுபிடித்தாள். இதய பலவீனம் உள்ளவர்கள் இப்படத்தைத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று போட்டிருந்தது.

"நமக்கு இதயம் பலமா, பலவீனமா?" என்று கேட்டார் வைரவன்.

பலம் என்று நாலு பேரும் சொன்னார்கள். அப்படியானால் தனியாகத்தான் பார்க்க வேண்டும். வைரவன் வீட்டில் நாலு அறை. நாலு பேரும் ஆளுக்கு ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தார்கள். படம் ரிச்சர்டின் போன் ஒன்றில்தான் இருந்தது. யாருக்கும் ஓரவஞ்சனை ஆகிவிடக் கூடாது என்று அதைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு படத்தையும் வரிசையாகப் போட்டுவிட்டதால் படம் கூடத்தில் தனியாக ஓடியது. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் போன் செத்துக் கிடந்தது.

"எந்தப் படத்துல உயிர் போச்சு?" என்றார் சுடலைமுத்து, மூச்சு வாங்க.

பழைய படத்தில். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் ரிச்சர்டு ஒத்துக்கொள்ளவில்லை. போனுக்கு ஏற்கெனவே ஆறு சதவீதம்தான் சார்ஜ், இதய பலவீனமுள்ள போனைத் தனியாகப் பார்க்க விட்டது மன்றத்தின் குற்றம் என்று வாதாடினான். அதுவும் எடுபட்டது.

வியாழக்கிழமை லூர்துசாமியிடமே போய், இரண்டு படத்தையும் தியேட்டரில் போட்டுக் காட்டினால்தான் முடிவு சொல்ல முடியும் என்றார்கள். அவர் கையில் வெள்ளையடிக்கிற வேலை கிடந்தது. மன்றத்துக்குத் தியேட்டரை விடுவதென்றால் மன்றத்தின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு, ஏணியில் நிற்கிறவனைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒரிஜினலும், அட்டெஸ்ட் பண்ணின ஜெராக்ஸ் ஒண்ணும் சனிக்கிழமை கொண்டு வாங்க. ஒரிஜினலைப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துருவேன். ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்கும்."

சான்றிதழ் என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது.

சுடலைமுத்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. ஒரிஜினலைத் திருப்பிக் குடுத்துருவாராம். ஜெராக்ஸைத்தான் வச்சுக்குவாராம்."

"உலகமே அப்படித்தான் அண்ணே" என்றாள் கனகம். பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள் பேச்சில் ஒரு கனம் இருந்தது. "எந்த ஆபீசுல ஒரிஜினலை வச்சுக்கிட்டான்? பார்ப்பான், தூக்கிக் குடுத்துருவான். ஃபைல்ல இருக்கிறது பூரா ஜெராக்ஸ்தான்."

"புதுப் படம்தான் கலர் ஜெராக்ஸ். அப்ப நாங்க ஜெயிச்சாச்சு" என்றான் ரிச்சர்டு.

வைரவன் கொஞ்ச நேரம் மொட்டைத் தலையைத் தடவினார். பிறகு, "ஒரிஜினல் எது? படமா, கையா?" என்று கேட்டார்.

படத்தில் வருவது கையின் படம். அப்போது ஒரிஜினல் கைதான். கை சுடலைமுத்துவிடம் இருக்கிறது. கையையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டால், லூர்துசாமியிடம் தங்கப்போகிற ஜெராக்ஸும் சுடலையின் கைதானே. சுடலைமுத்து எழுந்து வைரவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கனகத்தின் கடையில் கண்ணாடி மேல் கையை வைத்தார்கள். வெளிச்சம் ஊர்ந்து போனபோது சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். ஆதாருக்கு இரண்டு பக்கமும் கேட்பார்கள் என்று கனகம் கையைத் திருப்பி வைத்தும் எடுத்தாள். முன்பக்கம், பின்பக்கம், நீள நகம், எல்லாம் தெளிவாக விழுந்தது.

அட்டெஸ்ட் பண்ண பச்சை மையில் கையெழுத்து வேண்டும். ஊரில் பச்சை மை வைத்திருப்பது அரசுப் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானசௌந்தரி டீச்சர் ஒருத்தர்தான். டீச்சர் கிட்டே போவதென்றதும் சுடலைமுத்துவுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. அவர் வகுப்பில் படிக்கிற காலத்தில் திங்கட்கிழமை தோறும் டீச்சர் நகம் பார்ப்பார். வளர்ந்திருந்தால் ஸ்கேலால் விரல் முட்டியிலேயே விழும். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, முப்பத்தொரு வருஷ நகத்தைப் பத்து விரலிலும் ஒட்ட வெட்டிக்கொண்டு போனார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டினார். "ஒரிஜினல் எங்கே?"

சுடலைமுத்து கையை மேசையில் வைத்தார்.

டீச்சர் நாற்பது வருஷம் பள்ளிக்கூடம் பார்த்தவர். அவருக்கு எதுவும் ஆச்சரியமில்லை. தாளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். திரும்பத் தாளைப் பார்த்தார்.

"ஜெராக்ஸ்ல நகம் இருக்கு. ஒரிஜினல்ல இல்ல. இது வேற கை. செல்லாது."

"டீச்சர், இது என் கைதான்."

"அதை நீ சொல்லக் கூடாது. தாள் சொல்லணும்."

வாசலில் நாலு பேரும் நின்று யோசித்தார்கள். நகம் வளர ஒரு மாசம் ஆகும். சனிக்கிழமை நாளைக்கு. ஒரே வழிதான் இருந்தது, அதை யார் சொல்வது என்றுதான் தயங்கினார்கள். ரிச்சர்டு சொன்னான். "பழசு செல்லாது அண்ணாச்சி. மறுபடியும் எடுக்கணும். மறுபடியும் எடுத்தா அதுக்குப் பேரு ரீமேக்."

சுடலைமுத்து நகம் போன விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் ரீமேக்குக்குக் கையைக் கொடுத்தார். நகம் வெட்டின கையை மூன்று காப்பி எடுத்தார்கள். டீச்சர் மூன்றையும் கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, விரலை எண்ணி, கையெழுத்துப் போட்டு, 'ஒரிஜினலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று சீல் குத்தினார்.

சனிக்கிழமை லூர்துசாமி தாளை வாங்கிப் பார்த்தார். இது என்னவென்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். அடியில் ஞானசௌந்தரி டீச்சர் கையெழுத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவரும் அதே பள்ளிக்கூடம்தான். ஒரிஜினலைப் பார்த்ததற்கு அடையாளமாகச் சுடலைமுத்துவின் கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு ஏற்பாடு சொன்னார். நாளை மேட்னியில் இடைவேளை வரை பழைய படம், அதற்குப் பிறகு புதுப் படம். எந்தப் படத்துக்கு இந்த நாலு பேரில் ஒருத்தர் பயந்து கத்துகிறாரோ, கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் போஸ்டர்.

சுடலைமுத்து வீட்டுக்குப் போய்க் கத்திப் பழகினார். தன் கை வந்ததும் தானே கத்திவிடுவது என்று திட்டம். சம்சாரம் பல்லி விழுந்ததோ என்று ஓடி வந்தாள். சத்தம் போதும் என்று தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் நல்ல கூட்டம். இடைவேளைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிணறு வந்தது. காற்று அடித்தது. கிணற்றிலிருந்து கை எழும்பியது. சுடலைமுத்து கத்துவதற்கு மூச்சை இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து கனகம் போன் லைட்டைப் போட்டு, மடியில் இருந்த அட்டெஸ்ட் பண்ணின தாளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, அது உங்க கை இல்ல."

"என்ன சொல்லுத?"

"இதுல நகம் இல்ல. அதுல நகம் இருக்கு. டீச்சர் சீல் குத்தியிருக்காங்க."

சுடலைமுத்து தாளை வாங்கிப் பார்த்தார். சீல் இருந்தது. பச்சைக் கையெழுத்து இருந்தது. நகம் இல்லை.

"அப்ப அது யாரு கை?" என்றான் ரிச்சர்டு. அவன் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"அன்னைக்குக் கிணத்துக்குள்ள நான் மட்டும்தான இருந்தேன்" என்றார் சுடலைமுத்து.

வைரவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சு" என்றார்.

பழகி வைத்த கத்தல் சுடலைமுத்துவுக்கு வரவில்லை. வேறு ஒன்று வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தியேட்டர் கேட்டதில்லை. அடுத்த நொடி மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். வெறும் வயிறு இல்லாமலே நாலு ஈரக்குலையும் நடுங்கியது. ரிச்சர்டின் ஜெல் முடி மட்டும் படிந்துவிட்டது. ஏன் கத்துகிறார்கள் என்று தெரியாமல் மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு வெளியே ஓடியது. புதுப் படத்தைப் போட ஆளே இல்லை.

பழைய படம் ஜெயித்தது. போஸ்டர் கண்ணாடிப் பெட்டிக்கே திரும்பி வந்தது, சுற்றிலும் சீரியல் பல்பு வேறு. ஊரே சுடலைமுத்துவைப் பாராட்டியது. அவர்தான் அந்தப் பக்கமே போவதில்லை. போக வேண்டி வந்தால் வலது கையைத் துண்டால் சுற்றி மறைத்துக்கொண்டு போகிறார். அன்றைக்குக் கிணற்றுக்குள் கூட இருந்தவன், தன் கையை இவர்தான் எடுத்துக்கொண்டார் என்று கேட்டு வந்துவிட்டால் என்ன செய்வது?

வந்தால், இது உன் கை இல்லை என்று காட்டுவதற்குத்தான் தினமும் காலையில் நகம் வெட்டுகிறார். சட்டைப் பையில் அட்டெஸ்ட் பண்ணின ஜெராக்ஸ் எப்போதும் இரண்டு இருக்கிறது. ஒன்று தனக்கு. இன்னொன்று, பேய் தன் ஃபைலில் வைத்துக்கொள்ள.