வெளியே விடும் மூச்சு

முதலில், ஆலைக்காரர்கள் அரவைக் கல்லில் தெளித்துவந்த தண்ணீரை நிறுத்தினார்கள். ஈரமான கல்மாவு விலை போகாதாம். பிறகு சன்னலை அடைத்தார்கள். அதற்கடுத்து, இருமியவனையெல்லாம் பீடி குடித்துக் கெட்டவன் என்றார்கள். கடைசியில், கல் அரைத்த சடையாண்டி இருமி இருமியே செத்ததும், அப்படி ஒருவன் இந்த ஆலையில் வேலையே பார்க்கவில்லை என்றார்கள்.

முதலாளி அதைச் சொன்னபோது பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றவர் மேஸ்திரி குழந்தைவேலு. அன்றே வேலையை உதறிவிட்டு, கரட்டுக் குன்றின் அடியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஆசானிடம் வந்து சேர்ந்தார். மூச்சை அடக்குவதில் மற்ற சீடர்களை மிஞ்சினார். தூக்கம்தான் வரவில்லை.

ஒரு காலையில் கேட்டார்: "ஐயா, மூச்சு உள்ளே போய் என்னதான் செய்கிறது?"

"நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசை கீழே இறங்கும். காற்று உள்ளே வரும். நுரையீரலில் கடுகைவிடச் சின்னப் பைகள். அவற்றின் சுவர் வழியே நல்ல காற்று ரத்தத்துக்குப் போகும். கெட்டது திரும்பி வரும்."

"தூசி?"

"பெரிய தூசியை மூக்கு பிடிக்கும். மிச்சத்தைச் சளி தள்ளும். நீங்கள் அரைத்த கல்மாவு அதற்கெல்லாம் அகப்படாது. பைக்குள் போய் உட்காரும். சுவர் தழும்பாகும். தழும்பு வழியே காற்று போகாது."

"வெளியே எடுக்க வழியில்லையா?"

"இல்லை."

வாசலில் இரைச்சல். சடையாண்டியின் மனைவி இருளாயி, ஆலையாட்கள் சிலர், கூடவே தொழிலாளர் துறை அதிகாரி. இருளாயி ஒரு சோற்றுத் தூக்குவாளியை நீட்டினாள்.

"ஏ மேஸ்திரி! மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா எம் புருசன் எந்திரிச்சு வந்துருவாரா? ஆலைக் குப்பையில கெடந்துச்சு. பேரு வெட்டியிருக்கு. இது யாருதுன்னும் தெரியாதா?"

"மேஸ்திரிக்கு எழுத்து மறந்துபோச்சு, மதினி" என்றான் ஆலையாள் ஒருவன். சிரிக்கப்போய் இருமலில் மடங்கினான்.

அதிகாரி சொன்னார்: "சடையாண்டி அங்க வேலை பார்த்தாருன்னு நீங்க சாட்சி சொன்னா ஆலையை இன்னிக்கே நிறுத்தலாம்."

குழந்தைவேலு மூச்சை இழுத்து அடக்கினார். இருமியவன் இன்னும் நிமிரவில்லை. அடக்கிய மூச்சு தானாக உடைந்தது.

"காலம் கடந்துபோச்சே, ஐயா. சடையாண்டி இருமும்போதே நான்..."

"அவனுக்குத்தான் கடந்துவிட்டது" என்றார் ஆசான். "பேச்சு பிறப்பது வெளியே விடும் மூச்சில்தான், வேலு. அடக்கியவனிடம் அது பிறக்காது."

குழந்தைவேலு தூக்குவாளியை வாங்கினார். வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். வெட்டிய எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய், எல்லோருக்கும் கேட்க வாசித்தார்:

"வே. சடையாண்டி."